குட்டையிலிருந்து கூடைக்கு: ஏர் ஃபிரையரில் மசாலா இறால்
வனாமி வளர்க்கும் குடும்பங்களுக்கு உள்ளூரில் ஒரு சிறு சந்தை

இறால் குட்டையில் அறுவடை பெரும்பாலும் விடியற்காலையில்தான் நடக்கும். வலை ஏறியதும் வியாபாரியின் ஆள் ஒரு கிலோவை எடுத்துப் போட்டு எண்ணுவார். கிலோவுக்கு 50 இறால் நின்றால் 50 கவுன்ட், 30 நின்றால் 30 கவுன்ட். அந்த எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஐஸ் பெட்டிகள் வண்டியில் ஏறி, பதப்படுத்தும் ஆலைக்குப் போய், உறைந்த கட்டிகளாகக் கப்பலேறும். வளர்த்த குடும்பத்துக்கு அந்த இறாலுடன் உள்ள தொடர்பு அத்தோடு முடிந்துவிடும். அதை யார் சமைத்தார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

விலை நன்றாக இருக்கும்வரை இது ஒரு குறையாகத் தெரியவில்லை. 2025 ஆகஸ்ட் மாதம் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்தபோதுதான், ஒரே வாசலை நம்பி இருப்பதன் ஆபத்து குட்டைக்கரை வரை வந்து நின்றது. 2023-24-ம் நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7 லட்சத்து 16 ஆயிரம் டன். அதில் சுமார் 2 லட்சத்து 97 ஆயிரம் டன் அமெரிக்காவுக்கு மட்டும் போனது. பத்தில் நான்கு பங்குக்கும் அதிகமான இறாலை வாங்கும் நாடு வரியை ஏற்றினால், நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் ராமநாதபுரத்திலும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் குட்டை வைத்திருப்பவரால் என்ன செய்ய முடியும்? அளவு வந்த இறாலைக் குட்டையிலேயே வைத்திருக்க முடியாது. தீவனச் செலவும் ஏரேட்டர் ஓடும் மின்சாரச் செலவும் ஏறிக்கொண்டே போகும், நோய் பயமும் கூடவே இருக்கும். கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த குஞ்சுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதுதான்.

'உள்நாட்டிலேயே விற்கலாமே' என்ற பேச்சு இதனால்தான் எழுந்தது. உள்ளூரில் இறால் பிடிக்காதவர்கள் குறைவு. ஆனாலும் வீட்டில் அடிக்கடி வாங்காததற்கு மூன்று காரணங்களைப் பெண்கள் சொல்வார்கள். உரித்துச் சுத்தம் செய்ய நேரமாகிறது. பொரித்தால் எண்ணெய் வீணாகிறது. வீடு முழுக்க வாடை தங்கிவிடுகிறது. சுத்தம் செய்து மசாலா தடவிய பாக்கெட் முதல் காரணத்தைத் தீர்க்கிறது. நகரத்து வீடுகளில் இப்போது பரவிவரும் ஏர் ஃபிரையர் மற்ற இரண்டையும் பெருமளவு குறைக்கிறது. இந்த இரண்டும் சேரும் இடத்தில் இறால் வளர்க்கும் குடும்பத்துக்கு ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. ஆனால், சரியான முறையும் கணக்கும் தெரிந்து இறங்கினால்தான் அது லாபமாகும்.

ஏர் ஃபிரையர் என்ன செய்கிறது?

பெயரில் 'ஃபிரையர்' என்று இருந்தாலும், இது எண்ணெயில் பொரிக்கும் சாதனம் அல்ல. மேலே ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே துளைகள் உள்ள ஒரு கூடை. விசிறி சூடான காற்றை வேகமாகச் சுழற்றுகிறது. அந்தக் காற்று பண்டத்தின் மேல்பரப்பில் உள்ள ஈரத்தை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. பேக்கரி அடுப்பின் சின்ன வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். 2010-ம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன.

கோழி, உருளைக்கிழங்கைவிட இறாலுக்கு இது நன்றாகப் பொருந்தும். இறால் சிறியது, கொழுப்பு மிகக் குறைவு, சில நிமிடங்களில் வெந்துவிடும். 100 கிராம் இறால் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்பு 2 கிராமுக்கும் குறைவு. எண்ணெய்ச் சட்டியில் பொரிக்கும்போது கால் லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கும். இங்கே இரண்டு டீஸ்பூன் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தச் சாதனம் கறாரானது. நாள்பட்ட இறாலைக் கெட்டியான மாவில் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயில் போட்டால் மொறுமொறுப்பும் காரமும் சேர்ந்து குறையை மறைத்துவிடும். ஏர் ஃபிரையரில் அந்த மறைப்பு கிடையாது. நாள்பட்ட இறால் மாவுபோல உதிரும், அமோனியா வாடை கூடையைத் திறந்ததுமே தெரியும். எடை கூட்டுவதற்காக நீர் ஏற்றிய இறால், சூடு பட்டதும் தண்ணீர் விட்டுச் சுருங்கி, வறுபடுவதற்குப் பதில் அவிந்துவிடும். அன்று பிடித்து, அன்றே ஐஸில் வைத்த இறாலுக்குத்தான் இங்கே மரியாதை. அந்த இறால் குட்டைக்காரர் கையில்தான் முதலில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பாக்கெட்டோடு போட்டி போட அவருக்கு இருக்கும் பலம் இந்தப் புதுமைதான்.

சுவை குட்டையிலேயே தொடங்குகிறது

ஏற்றுமதிக்குப் பிடிக்கும்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கை, வீட்டு விற்பனைக்குப் பிடிக்கும் பத்து கிலோவிலும் கடைப்பிடிக்க வேண்டும்.

அறுவடைக்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்த வேண்டும். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது எளிது, கெடுவதும் தாமதமாகும்.

ஓடு கழற்றும் சமயத்தில் பிடிக்கக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் அதிகமாக ஓடு கழற்றும் என்பது பண்ணையாளர்களின் அனுபவம். ஓடு மெலிந்த இறால் சீக்கிரம் நசுங்கும், சதையும் தளர்ந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் சுத்தமான தண்ணீரும் ஐஸும் கலந்த தொட்டியில் உடனே போட வேண்டும். பிறகு பெட்டியில் ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் என்ற கணக்கில் அடுக்கடுக்காக வைக்க வேண்டும். வெயிலில் சாக்கில் கொட்டி வைத்து, 'கொஞ்ச நேரம்தானே' என்று விட்டால் அந்த இழப்பை எந்த மசாலாவும் ஈடுகட்டாது.

தலையை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறோமோ அவ்வளவு நல்லது. கெடுக்கும் நொதிகள் தலைப்பகுதியில்தான் அதிகம். ஓட்டின் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் தோன்றுவதும் இந்த நொதிகளால்தான்.

முதுகை லேசாகக் கீறி, கறுப்பு நூல்போல் ஓடும் குடலை எடுத்துவிட வேண்டும். வாலின் கடைசி ஓட்டை மட்டும் விட்டுவைத்தால் பார்க்கவும் அழகு, கையில் பிடித்துச் சாப்பிடவும் வசதி.

மருந்து விஷயத்தில் சமரசமே கூடாது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இறால் பண்ணைகளில் தடை செய்யப்பட்டவை. வெளிநாட்டுக்காரர் சோதிக்கிறார் என்பதற்காக மட்டும் கடைப்பிடிக்கும் விதி அல்ல இது. பக்கத்து ஊர்க் குழந்தை சாப்பிடும் இறாலுக்கும் அதே விதிதான்.

மசாலா இறால்: செய்முறை

நான்கு லிட்டர் கூடை உள்ள சாதனத்தில் ஒரே அடுக்காகப் பரப்பினால் சுமார் 250 கிராம் உரித்த இறால் கொள்ளும். அதனால் கீழே உள்ள அளவு 250 கிராமுக்கானது. பாக்கெட்டும் இதே எடையில் இருந்தால், வாங்குபவருக்கு ஒரு பாக்கெட் ஒரு தடவைக்குச் சரியாக இருக்கும்.

தேவையானவை: உரித்துச் சுத்தம் செய்த இறால் 250 கிராம், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் கால் டீஸ்பூன், சோம்புத்தூள் கால் டீஸ்பூன், மஞ்சள்தூள் 2 சிட்டிகை, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டீஸ்பூன், அரிசி மாவு 2 டீஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, கறிவேப்பிலை ஒரு கொத்து, எலுமிச்சை அரை மூடி.

செய்முறை: இறாலைக் கழுவி வடித்து, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் விடுவதால்தான் இறால் மொறுமொறுப்பாக வராமல் அவிந்துபோகிறது. பிறகு தூள் வகைகள், விழுது, உப்பு, எண்ணெய் சேர்த்துப் பிசிறி, ஃபிரிட்ஜில் 15 முதல் 20 நிமிடங்கள் வைக்க வேண்டும். அரிசி மாவைக் கடைசியில், கூடையில் போடுவதற்குச் சற்று முன் தூவினால் போதும்.

சாதனத்தை 180 டிகிரி செல்சியஸில் 3 நிமிடங்கள் வெறுமனே சூடாக்க வேண்டும். கூடையில் லேசாக எண்ணெய் தடவி, இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். குவித்துப் போட்டால் காற்று உள்ளே போகாது. மேலே கருகும், நடுவில் வேகாது. பாதி நேரம் ஆனதும் திருப்பிவிட வேண்டும்.

நேரம் இறாலின் அளவைப் பொறுத்தது. 80 முதல் 100 கவுன்ட் சிறிய இறாலுக்கு 5 நிமிடம். 50 கவுன்ட் நடுத்தர இறாலுக்கு 6 முதல் 8 நிமிடம். 30 கவுன்ட் பெரிய இறாலுக்கு 8 முதல் 9 நிமிடம். சாதனத்துக்குச் சாதனம் ஒரு நிமிடம் முன்பின் ஆகும். முதல் தடவை நான்கைந்து இறாலை மட்டும் போட்டுப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

வெந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள். பச்சை இறால் சாம்பல் நிறத்தில் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். வெந்தால் இளஞ்சிவப்பாகி, சதை வெள்ளையாகிவிடும். இறாலில் இருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி, பச்சையாக இருக்கும்போது ஒரு புரதத்தோடு கட்டுண்டு மறைந்திருக்கும். சூடு பட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்து நிறம் வெளியே வருகிறது. அடுத்தது வடிவம். அரிவாள்போல வளைந்திருந்தால் பதம். தலையும் வாலும் தொடும்படி வளையமாகச் சுருண்டிருந்தால் அதிகம் வெந்துவிட்டது, ரப்பர்போல இருக்கும். மசாலா நிறத்தில் சரியாகத் தெரியாவிட்டால், தடித்த ஒன்றைப் பிட்டு நடுவில் பார்க்கலாம். வெப்பமானி இருந்தால், உள்சூடு 63 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்.

கறிவேப்பிலையை முதலிலேயே மேலே தூவக் கூடாது. உள்ளே வீசும் காற்றில் இலை பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும், புகை வரும். எண்ணெயில் புரட்டி, கடைசி ஒரு நிமிடத்தில் இறாலுக்கு அடியில் வைத்தால் மணமாக வறுபடும். எலுமிச்சையை வெந்த பிறகு பிழிய வேண்டும். பச்சை இறாலில் பிழிந்து நெடுநேரம் வைத்தால், அந்தப் புளிப்பே சதையை இறுக்கிவிடும்.

கிராமத்து வீட்டில் கவனிக்க வேண்டிய மின்சாரம்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை வாங்கி வந்த ஏர் ஃபிரையர், அட்டைப்பெட்டியோடு பரண்மேல் கிடக்கும் வீடுகள் உண்டு. 'கரன்ட் நிறைய இழுக்கும்' என்ற பயம்தான் காரணம். 1,500 வாட் சாதனம் 13 நிமிடங்கள் தொடர்ந்து ஓடினால்கூட மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்கு மேல் ஆகாது. சூடு ஏறியதும் தானாகவே நின்று நின்று எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். பயப்பட வேண்டியது யூனிட்டைப் பற்றி அல்ல, பிளக்கைப் பற்றி. 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். விளக்கு, மின்விசிறிக்கான 6 ஆம்பியர் பிளக்கிலோ, மெல்லிய நீட்டிப்பு வயரிலோ செருகக் கூடாது. கிரைண்டர், கீசருக்குப் பயன்படுத்தும் 16 ஆம்பியர் பவர் பிளக்தான் சரி. வீட்டில் உள்ள சாதாரண இன்வெர்ட்டரிலும் இதை ஓட்டக் கூடாது.

மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஊர்களில் மின்னழுத்தம் குறைவது வழக்கம். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் வந்தால், சாதனத்தின் சூடேற்றும் திறன் ஏறத்தாழ 60 சதவிகிதமாகக் குறைந்துவிடும். அப்போது 7 நிமிடத்தில் வேக வேண்டிய இறால் வேகாது. இங்கே கடிகாரத்தைவிட நிறத்தையும் வடிவத்தையும் நம்புவதே பாதுகாப்பு.

பாக்கெட்டாக விற்றால் என்ன கிடைக்கும்?

வீட்டில் சமைத்துப் பழகிய பிறகுதான் விற்பனையைப் பற்றி யோசிக்க வேண்டும். கீழே இருப்பது ஓர் உதாரணக் கணக்கு. விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

50 கவுன்ட் இறால் 10 கிலோ, கிலோ 300 ரூபாய் வீதம் 3,000 ரூபாய். சொந்தக் குட்டை இறாலாக இருந்தாலும் இந்தத் தொகையைச் செலவில் எழுத வேண்டும், வியாபாரியிடம் கொடுத்திருந்தால் அது கையில் கிடைத்திருக்கும் அல்லவா? ஐஸ் 100 ரூபாய். சுத்தம் செய்யக் கூலி 400 ரூபாய். வீட்டுப் பெண்களே செய்தாலும் கூலி கூலிதான். மசாலா 250 ரூபாய். பாக்கெட், லேபிள் 200 ரூபாய். மின்சாரம், வண்டிச் செலவு 250 ரூபாய். மொத்தம் 4,200 ரூபாய்.

தலையும் ஓடும் போனால் 10 கிலோவில் சதை ஏறத்தாழ 5 கிலோதான் தேறும். இந்த இடத்தில்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். கிலோ 300 ரூபாய் இறால், உரித்ததுமே கிலோ 600 ரூபாய் ஆகிவிடுகிறது. மசாலா எடையும் சேர்ந்து ஐந்தரை கிலோ என்றால், 250 கிராம் பாக்கெட் 22 வரும். ஒரு பாக்கெட்டின் அடக்க விலை 191 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்றால் 22 பாக்கெட்டுக்கு 5,500 ரூபாய், மிச்சம் 1,300 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், 5 பாக்கெட் விற்காமல் தேங்கினால் மிச்சம் 50 ரூபாய்தான். 6 பாக்கெட் தேங்கினால் நஷ்டம். மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்திருந்தால் வந்திருக்கும் 3,000 ரூபாயைவிட, இவ்வளவு வேலை செய்தும் குறைவாகவே கையில் நிற்கும். ஆகவே பிடித்துவிட்டு ஆள் தேடக் கூடாது, முதலில் ஆர்டர் வாங்கிவிட்டுப் பிடிக்க வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை இறால், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்' என்று பக்கத்து நகரத்தில் 20 வீடுகளைக் கையில் வைத்திருப்பது, கடையில் 100 பாக்கெட் அடுக்குவதைவிட மேல். எல்லா அறுவடையையும் இப்படி விற்றுவிட முடியாது. டன் கணக்கில் வரும் இறாலுக்கு வியாபாரிதான் வழி. பாக்கெட் விற்பனை குடும்பத்துக்குக் கைச்செலவு வருமானமும், விலை கேட்கும்போது கொஞ்சம் தெம்பும் தரும்.

பாக்கெட் போடும்போது

விற்பனைப் பாக்கெட்டில் எலுமிச்சையும் அரிசி மாவும் சேர்க்கக் கூடாது. உப்பையும் குறைவாகப் போட வேண்டும், உப்பு நேரம் ஆக ஆகத் தண்ணீரை இழுக்கும். அரிசி மாவைத் தனிச் சிறு பொட்டலமாக உள்ளே வைக்கலாம். மசாலா தடவியதைச் சிறிய, தட்டையான பாக்கெட்டுகளாகப் போட்டால் சீக்கிரம் குளிரும். ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழ் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள்தான் கணக்கு. அதற்குமேல் வைக்க வேண்டுமானால், மைனஸ் 18 டிகிரி ஃபிரீசர் வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் ஊரில் ஃபிரீசரை நம்பி இருப்பு வைப்பது ஆபத்து.

உணவுப் பொருளைப் பாக்கெட் போட்டு விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு கட்டாயம். வீட்டிலிருந்து சிறிய அளவில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, முகவரி, பதிவு எண், அசைவக் குறியீடு இருக்க வேண்டும். இறால் ஒவ்வாமை தரக்கூடிய உணவு என்பதையும் குறிப்பிட வேண்டும். குட்டைக்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்க வேண்டும்.

லேபிளின் பின்பக்கம் இரண்டு சமையல் முறைகள் அச்சிடுவது நல்லது. ஒன்று ஏர் ஃபிரையருக்கு: '180 டிகிரி, 6 முதல் 8 நிமிடம், பாதியில் திருப்பவும்'. இன்னொன்று தோசைக்கல்லுக்கு: 'ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில், மிதமான தீயில், ஒரு பக்கத்துக்கு 2 முதல் 3 நிமிடம்'. ஏர் ஃபிரையர் இல்லாத வீடுகள்தான் இன்னும் அதிகம். அவர்களையும் விட்டுவிடக் கூடாது.

தலையும் ஓடும் வீணல்ல

10 கிலோ இறாலைச் சுத்தம் செய்தால் ஏறத்தாழ 5 கிலோ தலையும் ஓடும் சேரும். வாய்க்காலிலோ குட்டைக்கரையிலோ கொட்டினால் நாற்றமும் நாய்த்தொல்லையும் வரும். அதோடு, நோய்க்கிருமி அடுத்த குட்டைக்குப் பரவவும் அது வழியாகிவிடும். குட்டைகளிலிருந்து தள்ளி, ஆழமான கம்போஸ்ட் குழியில் வைக்கோல், சாணம், மண் என்று மாற்றி மாற்றி மூடி மக்கவைத்தால், தழைச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள நல்ல உரம் கிடைக்கும். தென்னைக்கு வைக்கலாம். புத்தம்புதிய தலைகளை வறுத்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால், குழம்புக்குச் சுவையான சாறு கிடைக்கும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: உறையவைத்த மசாலா இறாலை அப்படியே ஏர் ஃபிரையரில் போடலாமா?

பதில்: கட்டியாக உறைந்ததை அப்படியே போட்டால் வெளியே காயும், உள்ளே வேகாது. முதல் நாள் இரவே ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். அவசரமென்றால், பாக்கெட்டைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைக்கலாம். வெளியே மேடையில் வைத்து இளகவிடக் கூடாது. இளகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது.

கேள்வி: எண்ணெயே இல்லாமல் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் மசாலா வறண்டு, மாவுத்தூள் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும், கூடையிலும் ஒட்டும். 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூனாவது சேர்ப்பது நல்லது.

கேள்வி: வனாமிக்குப் பதில் கடல் இறால், ஆற்று இறால் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. நேரத்தை இறாலின் பருமனைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். பெரிய ஆற்று இறாலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஓட்டோடு, சதைப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் சதை காயாமல் வேகும்.

கேள்வி: நன்றாகச் சூடாக்கினால் இறால் ஒவ்வாமை வராது என்கிறார்களே?

பதில்: தவறு. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் சமையல் சூட்டில் அழிவதில்லை. ஒருமுறை தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தவர்கள் எந்த முறையில் சமைத்தாலும் தவிர்க்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு முதல்முறை கொடுக்கும்போது சிறு துண்டு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: கூடையில் இறால் வாடை போகவில்லை. என்ன செய்வது?

பதில்: சூடு ஆறியதும் உடனே வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிறகு எலுமிச்சைத் தோலால் தேய்க்கலாம். கம்பியால் சுரண்டினால் ஒட்டாத பூச்சு போய்விடும். மேலே உள்ள கம்பிச்சுருளில் மசாலா தெறித்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறியபின் ஈரத்துணியால் துடைக்கலாம்.

தொடங்க விரும்புபவர்களுக்கு

இறால் வளர்ப்பு, அறுவடை ஒழுங்கு பற்றி அறிய, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். மதிப்புக்கூட்டல் பயிற்சி பற்றி நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்திலும், அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம்.

பணம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். அடுத்த அறுவடையில் இரண்டு கிலோ மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து, 250 கிராம் வீதம் மசாலா தடவி, ஏர் ஃபிரையர் வைத்திருக்கும் இரண்டு உறவுக்காரர் வீட்டுக்கும், தோசைக்கல் மட்டும் உள்ள இரண்டு வீட்டுக்கும் கொடுத்துப் பார்க்கலாம். காரம், உப்பு, நேரம் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நான்கு வீட்டில் எத்தனை வீடு அடுத்த வாரம் காசு கொடுத்துக் கேட்கிறது என்பதைப் பார்த்து, பாக்கெட் இயந்திரம் வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.